ருசி பார்க்கும் உரிமை

நான் பறையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதில் வருகிற மற்றவர்களைப் போல நானும் சுற்றி வளைத்துக்கொண்டிருப்பேன். இப்போது ஆதிதிராவிடர் என்று மரியாதையாக எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் படித்த இடத்தில் என்னை யாரும் எந்தப் பெயரும் சொல்லித் திட்டியதில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

1930களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் படித்தேன். அதன் பெயர் வேண்டாம். என்னோடு படித்த பலர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்று இந்த நாட்டில் அப்போது ஒன்றும் கிடையாது. நில அளவை, கட்டட வரைபடம், ரயில் பாதை என்று அரசாங்கத்துக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்கிற இடம் அது. ஆனாலும் சீமையில் இருப்பதைப் போலவே எங்களுக்கும் ஒரு மாணவர் சங்கம் இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், விளையாட்டுக்கு ஒருவர், வாசகசாலைக்கு ஒருவர் என்று வருஷத்துக்கு ஒரு முறை கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். வேறு எதற்கும் எங்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால் இந்த ஓட்டின் மேல் எல்லாருக்கும் ஒரு வெறி. தேர்தலன்று புழுக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

யாரும் விரும்பாத பதவி ஒன்றும் இருந்தது. அதுதான் மெஸ் மெம்பர்.

விடுதி பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் ஓரத்தில், ரயில் பட்டறையின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. மூன்று சமையலறைகள். மலாய்க்காரர்களுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்களுக்கு என்றால் யாழ்ப்பாணத்துக்காரர்கள், தமிழ்நாட்டு வழி வந்தவர்கள், கொஞ்சம் மலையாளிகள். ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரு மெஸ் மெம்பர். சமையல் சாமான் வைக்கிற உக்கிராண அறைச் சாவி அவரிடம் இருக்கும். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் அவர் உள்ளே போய், ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் மணி. எங்களுக்கு முந்திய காலத்தில் எப்போதோ கெட்டுப்போன மீனைப் போட்டு விடுதியில் பாதிப் பேர் படுத்துவிட்டார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம். சங்கத்தின் விதியிலும் அதை எழுதியிருந்தார்கள்.

உப்பு குறைந்தால் மெம்பருக்குத் திட்டு. சோறு குழைந்தால் திட்டு. பருப்பில் கல் கிடந்தால் அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டு. அதனால் தேர்தல் நாளில் எவன் வரவில்லையோ அவன் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். இதுவும் ஒரு வழக்கம்தான். இதை எந்த விதியிலும் எழுதவில்லை.

எனக்கு இடம் ஒதுக்கியதும் அப்படித்தான், எழுதாமல் நடந்தது. விடுதிக்கு வந்த முதல் நாளே ஒருவன் கேட்டான், அப்பா எங்கே வேலை என்று. ரயில்வேயில் தண்டவாளக் கூலி என்றேன். எந்த லயம், அதாவது கூலி வீடுகளில் எந்த வரிசை என்று கேட்டான். கடைசி லயம் என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கூலி லயங்களைச் சாதி பார்த்துத்தான் பிரித்திருந்தார்கள். கடைசி லயம் என்று சொன்னால் போதும், மேலே கேட்க ஒன்றுமில்லை. அவன் "அப்படியா, நல்லது" என்றான். மறுநாள் மத்தியானம் நீள மேசையில் போய் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. மூன்றாம் நாள் சமையல்காரர் என் தட்டைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் வைத்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விடுதியில் தங்கினால்தான் எனக்கு உதவிச் சம்பளம். அது போனால் படிப்பு போகும், நானும் அப்பாவோடு கடப்பாரையைத் தூக்க வேண்டியதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெஞ்சில் தின்றேன்.

இரண்டாம் வருஷத் தேர்தல் நடந்த சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. கிள்ளானில் சித்தப்பா இறந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். அடக்கம் முடிந்து ஞாயிறு சாயங்காலம் ரயிலில் திரும்பி வந்தேன். விடுதி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவன் கையை நீட்டினான். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் அவன். நன்றாகச் சிரிப்பான், யாரிடமும் மச்சான் போட்டுப் பேசுவான்.

"வாழ்த்துக்கள் மெம்பர்" என்றான்.

"என்ன மெம்பர்?"

"மெஸ் மெம்பர்டா. ஒருமனதா. ஒரு கை கூட எதிர்ப்பு இல்ல தெரியுமா? இனிமே உப்பு இல்லன்னா ஒங்கிட்டதான் வருவோம், தலைய மழுங்க அடிச்சிடுவோம், பாத்துக்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சித்தப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் நல்ல செய்தி.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கு அப்போது உறைக்கவில்லை. வராதவன் தலையில் கட்டு என்று கட்டிவிட்டார்கள். மெம்பர் எங்கே நுழைவான், எதைத் தொடுவான் என்று கை தூக்கும்போது ஒருத்தனும் யோசிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துப் பழகிப்போனவனை மறந்தும் போவார்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம் சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தம்பி, கரண்டில எடுத்து இங்க கொண்டாரேன். இங்கயே நின்னு பாருங்க."

"போன மெம்பர் எங்க நின்னு பாத்தாரு?"

"அவரு உள்ள வருவாரு."

"அப்ப நானும் உள்ளதான் வரேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குப் பொழப்பு போயிரும்."

"போகாது. என்னைய உள்ள விட்டது சங்கம்னு சொல்லுங்க. கை தூக்குனவங்களப் போய்க் கேக்கட்டும்."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு ஒதுங்கினார். உள்ளே போனேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, மீன் குழம்பு. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஊற்றி வாயில் போட்டேன். நன்றாகவே இருந்தன. தலையாட்டினேன். மணி அடித்தார்.

மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நான் அந்தக் கதவு வழியாக வெளியே வருவதைப் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒருத்தன் எழுந்தான். பின்னாலேயே நாலைந்து பேர். யாரும் கோபப்படவில்லை. ஒருவன் வயிறு சரியில்லை என்றான். ஒருவன் நூலகத்தில் வேலை என்றான். நாற்காலிகளைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். பரிமாறிய சோறு பாதிக்குமேல் அப்படியே கிடந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். மறுநாளும் அங்கேதான். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கூலிகளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் விடுதிக்கும் கட்டிவிட்டு வெளியேயும் காசு கொடுத்துத் தின்றார்கள். அந்தக் கடையில் பின்கட்டில் உட்கார்ந்து மசாலா அரைத்தவர் எங்கள் லயத்துக்காரர். என் அப்பாவுக்கு மாமன் முறை. சாதியைச் சொல்லாமல் வேலையில் சேர்ந்திருந்தார். எனக்கு அது தெரியும். நடு மேசையில் ஏறி நின்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இவர்கள் முகம் சுருங்கியிருக்கும், மறுநாள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். அந்த மனுஷன் தெருவில் நின்றிருப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட சமயங்கள் குறைவு. இது ஒன்று.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு மூத்த மாணவர். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று விவாத மன்றத்தில் ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கியவர். உண்மையில் அருமையான பேச்சு. நானும் கை தட்டியிருக்கிறேன்.

"இரும் ஐசே. உம்மோட கொஞ்சம் கதைக்கவேணும்" என்றார். யாரோடு பேசினாலும் ஆங்கில 'ஐ சே'யை இப்படி ஒட்டிக்கொள்வார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"ஒருத்தரும் உம்மை அவமதிக்கேல்லை. அது உமக்குத் தெரியும்தானே?"

"தெரியல."

"பதவி உம்மட பேரிலயே இருக்கட்டும். அறிவிப்புப் பலகையிலயும் உம்மட பேர்தான். உள்ளுக்குப் போய் ருசி பாக்கிறதுக்கு மட்டும் வேற ஒராளை விடுவம். உதவி மெம்பர் எண்டு."

"அப்ப எனக்கு என்ன வேல?"

"மேற்பார்வை."

"எங்க இருந்து? அந்த பெஞ்சுல இருந்தா?"

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடியும் திருகினார். "வேணுமெண்டால் விளையாட்டுச் செயலாளர் பதவியை மாத்தித் தாறன். அது பெரிய பதவி. எல்லாரும் ஆசைப்படுறது."

"பந்துல தீட்டு இல்லயா?"

"அந்தச் சொல்லை நான் சொல்லேல்லை."

"நீங்க எந்தச் சொல்லத்தான் சொல்லுறீங்க? ஒரு தடவ சொல்லிருங்க. காதால கேட்டுட்டு நானே ராஜினாமா பண்றேன்."

இதை நான் மனதாரச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து, நீ இன்ன சாதி, நீ தொட்டதை நாங்கள் தின்ன மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. "நீர் சரியான முரடன் ஐசே" என்றார். அது சரிதான். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன்.

கிராணி மகனும் வந்தான். என் கட்டிலில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். எங்கள் ஆட்களைத் தொடுவதில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. சாப்பாட்டில்தான்.

"மச்சான், எனக்கு ஒண்ணும் இல்லடா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க, அத மட்டும் யோசி."

"ஒங்கம்மாவா இங்க வந்து சாப்புடுறாங்க?"

"வெளையாடாத லா. பசங்க நம்பிக்கையில்லாத் தீர்மானம் போடப் போறாங்க. அசிங்கமாயிரும்."

"யாருக்கு?"

எழுந்து போனான். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் அவனேதான்.

கூட்டம் பெரிய மண்டபத்தில் நடந்தது. பதவியிலிருந்து ஒருவரை நீக்க வேண்டுமானால் மூன்று சமையலறை ஆட்களும் கூட வேண்டும். விடுதிக் காப்பாளர் தலைமை தாங்க வேண்டும். முன்மொழிகிறவன் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். சங்கத்தின் விதி அது. காப்பாளர் வெள்ளைக்காரர், வயதானவர், காது கொஞ்சம் மந்தம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.  பதவி போனால் வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போயிருந்தால் நான் மறுபடியும் பெஞ்சுக்குப் போயிருக்க மாட்டேன். படிப்பையே விட்டிருப்பேன். அதை முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

கிராணி மகன் எழுந்தான். மெஸ் மெம்பர் மேல் நம்பிக்கை இல்லை என்றான்.

"ஏன்? சாப்பாடு மோசமா?" என்றார் காப்பாளர்.

"இல்லை சார்."

"சாமான் ஏதாவது காணாமல் போயிற்றா?"

"இல்லை சார்."

"பிறகு?"

"ஒரு பொதுவான உணர்வு இருக்கிறது சார்."

"என்ன உணர்வு?"

"பொதுவானது சார்."

மலாய்ச் சமையலறையின் மெம்பர் நல்ல உயரமான ஆள். பக்கத்தில் இருந்தவனிடம் மலாயில் உரக்கவே கேட்டார், இவன் என்னதான் செய்தான் என்று.  சீனர்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அத்தனை பேர் கண்ணும் கிராணி மகன் மேல் இருந்தது. அவன் காது மடல் சிவந்துவிட்டது. மலாய்க்காரர் முன்னால், சீனர் முன்னால், வெள்ளைக்காரர் முன்னால் அந்தக் காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எங்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்ததை வெளியாட்கள் முன்னால் சொல்ல வெட்கம். செய்வதற்கு வெட்கம் இல்லை.

நான் எழுந்தேன். "காரணம் எனக்குத் தெரியும் சார். நான் சொல்கிறேன்."

தலைவர் சட்டென்று எழுந்தார். முன்மொழிந்தவர் காரணத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் சம்பந்தப்பட்டவர் பேசலாம், விதி அப்படி என்றார். காப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஆமாம் என்றார். என்னை உட்காரச் சொன்னார். கிராணி மகனைப் பார்த்தார். அவன் தலைவரைப் பார்த்தான்.

"தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் சார்" என்றான்.

அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன். அந்த மண்டபத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. வெளியே வரும்போது அந்த மலாய் மெம்பர் என் கையைக் குலுக்கி, "உங்கள் ஆட்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நின்று சொல்லியிருக்கலாம். பிடித்து வைத்திருந்த கோபம் எல்லாம் உட்காரச் சொன்ன இடத்திலேயே போய்விட்டது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடையில் தின்னக் கையில் காசு தீர்ந்திருக்கும். முதலில் பழமும் மோரும் மட்டும், பிறகு சோறு, பிறகு எல்லாமும். நான் உள்ளே போவேன், ருசி பார்ப்பேன், தலையாட்டுவேன், மணி அடிக்கும், தின்பார்கள். நானும் பெஞ்சை விட்டு நீள மேசையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அது மெம்பருக்கு உள்ள இடம். பக்கத்து நாற்காலிகளும் நிரம்பின. அந்த வருஷம் முழுக்க நான் கை வைத்ததை அவர்கள் தின்றார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உப்புக் குறைந்தபோது என்னைத் திட்டினார்கள். நன்றாகத் திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் நடந்த பொதுக்கூட்டத்தில் விதித் திருத்தம் ஒன்று வந்தது. தலைவரே கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சமையலறைக்குள் நுழைவது சுகாதாரத்துக்கு நல்லதல்ல. ஆகையால் இனிமேல் மெஸ் மெம்பர் உள்ளே போக வேண்டியதில்லை, ருசி பார்க்க வேண்டியதில்லை. சாவி சமையல்காரரிடமே இருக்கும். இன்று முதல் அமல். காப்பாளர் மிகவும் நியாயமான யோசனை என்றார்.

மலாய் மெம்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ருசி பார்க்காவிட்டால் எங்களுக்கு எதைப் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார். சீன மெம்பரும் அதையே சொன்னார். தலைவர் பணிவாகச் சிரித்து, உங்கள் இருவரின் சமையலறைகளுக்கும் இது பொருந்தாது, எங்களுடையதற்கு மட்டும்தான் என்று திருத்தத்தைத் திருத்தினார். மலாய் மெம்பர் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் இது எங்கள் விஷயம் என்று எதிர்ப்பை விட்டுவிட்டார்.

சுகாதாரம் என்ற சொல்லை எதிர்த்து எவன் பேசுவான்? என்னை நீக்க முடியவில்லை. அதனால் வேலையையே நீக்கிவிட்டார்கள். இனிமேல் எவன் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. இன்னொரு முறை தப்பாகக் கை தூக்கினாலும் ஆபத்து இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் என்னுடையதைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரன், ஒரு வருஷம் என்னோடு தோளோடு தோள் உட்கார்ந்து தின்றவன், அவனும் தூக்கினான். எதிர்ப்பு யார் என்று கேட்டபோது நான் தூக்கினேன். ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் எந்தச் சங்கத்திலும் எந்தப் பதவிக்கும் நின்றதில்லை. நில அளவை இலாகாவில் வேலை கிடைத்தது. காட்டிலும் தோட்டத்திலும் சங்கிலி பிடித்து அளந்து காலம் போயிற்று. தொழிற்சங்கத்தில் நில் என்று பலர் கேட்டார்கள். ஓட்டுப் போட வருகிறேன், நிற்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கூட்டம் நடந்த அன்று மத்தியானம் பழக்கத்தில் சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, ரூலு வந்திருச்சாமே."

"வந்திருச்சு."

"நான் என்னங்க பண்றது?"

"மணிய அடிங்க" என்றேன்.

அடித்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நானும் என் இடத்தில் உட்கார்ந்தேன். என் காலம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. பருப்பை ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்தது, ஊசிப்போயிருந்தது. முதல் நாள் மீந்ததைக் கலந்திருப்பார். எதிரே இருந்தவன் துப்பிவிட்டு, பழக்கத்தில் என்னைப் பார்த்து, "என்னய்யா மெம்பர், பருப்பு நாறுது?" என்றான்.

"நான் உள்ள போகக் கூடாதுன்னு காலையிலதான கை தூக்குன" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்களும் துப்பினார்கள். பருப்பை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றார்கள்.